பத்து விரலும் மெழுகில்

இரண்டு கையையும் உருகிய மெழுகில் ஏழு தடவை முக்கி எடுத்து, பாலிதீன் பையை மாட்டி, மேலே துண்டைச் சுற்றி, "இருபது நிமிஷம் சார், விரலை அசைக்கக் கூடாது, மெழுகு விண்டுச்சுன்னா மறுபடி முதல்லேருந்து" என்று சொல்லி, பிசியோதெரபி செல்வி மேடம் மேசைக் கடிகாரத்தில் மணி வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிய பிறகுதான் பசுபதிக்குப் புத்தி வந்தது. அந்தப் பாழாய்ப்போன புத்தி காலை எட்டு மணிக்கு வந்திருக்கக் கூடாதா? அப்போது பத்து விரலும் சும்மாதானே இருந்தன? எங்கே சும்மா இருந்தன, ஓசூரில் இருக்கிற அக்கா மங்கையர்க்கரசிக்குச் செய்தி அடித்துக்கொண்டல்லவா இருந்தன. 'அக்கா!!! வருது!!! நம்ம மழைத்தீவு திரும்ப வருது! இந்தத் தடவை இங்கிலீஷ்ல! பதினோரு மணிக்கு சாம்பிள் விடறான்!' எத்தனை ஆச்சரியக்குறி, சாமி. நாற்பத்தோரு வயது, உறையூரில் சொந்த வீடு, கல்லூரி அலுவலகத்தில் சூப்பிரண்டு, வீட்டில் பிளஸ் ஒன் படிக்கிற பெண், இவன் போடுகிற ஆச்சரியக்குறியைப் பாரேன். ஆனால் போடாமல் எப்படி இருப்பது? இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த செய்தி. சித்தப்பா பர்மா பஜாரில் வாங்கி வந்த வீடியோ கேம் தகடு அது, அட்டைப்படம் கிடையாது, கடைக்காரன் கறுப்புப் பேனாவால் 'குட் கேம்' என்று மட்டும் எழுதியிருந்தான். போட்டுப் பார்த்தால் உள்ளே எல்லாம் ஜப்பான் எழுத்து. பெயர் தெரியாது, மழைத்தீவு என்பது இவர்களாக வைத்தது, கதை தெரியாது, அந்தத் தாடிக் கிழவன் கட்டத்துக்குக் கட்டம் வந்து பத்து வரி பேசுவான், நல்லது சொல்கிறானா நாசமாய்ப் போகச் சொல்கிறானா என்றுகூடத் தெரியாது. மழை கொட்டுகிற ஒரு தீவு, குடை பிடித்த நெட்டைப் பெண் ஒருத்தி, தலையில் சட்டி கவிழ்த்த குட்டையன் ஒருவன், இரண்டு பேரும் சேர்ந்து போனால்தான் பாலம் இறங்கும், கதவு திறக்கும். அக்கா குடைக்காரி, இவன் சட்டித்தலையன். மூன்று வருஷம் விளையாடினார்கள். அந்த விளையாட்டுதான் இப்போது படிக்கத் தெரிந்த பாஷையில் வருகிறது என்றால் மனுஷன் குதிக்கமாட்டானா? குதித்தான், அனுப்பினான், குளித்தான், இட்லி நாலு தின்றான், பஸ் ஏறி வந்து கையை மெழுகில் விட்டான், அப்புறம்தான் உறைத்தது: கதை இங்கிலீஷில் வந்தால் மெனுவும் இங்கிலீஷில்தானே வரும். மெனு இங்கிலீஷில் வந்தால், அக்காவின் கல்யாணத்தன்று, மூன்று வருஷம் ஆடிச் சேமித்து வைத்திருந்த ஆட்டம் அழிந்துபோனதற்கு இருபத்திரண்டு வருஷமாக அவள் தலையில் கட்டியிருக்கும் பழி உண்மையில் யாருடையது என்று ஓசூரில் பளிச்சென்று தெரிந்துவிடும். கடிகாரத்தைப் பார்த்தான், பத்து ஐம்பத்திரண்டு.

போன் எதிரே ஸ்டூல்மேல் கிடக்கிறது, கைக்கு எட்டுகிற தூரம்தான், ஆனால் கை எங்கே இருக்கிறது? 'டிலீட் ஃபார் எவ்ரிஒன்' என்று ஒரு தட்டு தட்டினால் போதும், அக்கா லீவு நாளில் பத்துக்குத்தான் எழுந்திருப்பாள், இன்னும் பார்க்காமல்கூட இருக்கலாம், தட்டுவதற்குத்தான் விரல் இல்லை. மூக்கால் தட்டலாமா? குனிந்து பார்த்தான், எட்டவில்லை. குனிந்ததில் மூக்கு நமைக்க ஆரம்பித்ததுதான் மிச்சம். பக்கத்துக் கட்டிலில் தோளில் கரண்ட் வைத்துப் படுத்திருந்த சுலைமான் பாய் ஒரு கண்ணைத் திறந்து, "என்ன தம்பி, தலை சுத்துதா?" என்றார். "இல்ல பாய், மூக்கு." "சொறிஞ்சு விடவா?" "வேணாம் பாய்." பாய் பரோட்டா மாஸ்டர், முப்பத்தைந்து வருஷம் மாவு வீசிய தோள், வீசி வீசித் தேய்ந்த தோள், அது உழைப்பு. போன திங்கட்கிழமை அவர் இவனைப் பார்த்து, "தம்பிக்கு எதனால கட்டைவிரல் போச்சு?" என்று கேட்டபோது கூசாமல், "ஆபீஸ்ல சீல் குத்திக் குத்தி பாய்" என்று சொல்லிவிட்டான். செல்வி மேடத்திடமும் அதே பொய்தான். அந்த அம்மாள் லேசுப்பட்டவரா? "ரெண்டு கட்டைவிரலும் போயிருக்கே சார், சீல் ரெண்டு கையாலயுமா குத்துவீங்க?" என்றார். "வலது கையால கல்லூரி சீல் மேடம், இடது கையால முதல்வர் சீல், அட்மிஷன் டைம்ல நேரம் இருக்காதுல்ல" என்றான். ஒரு பொய்யைக் காப்பாற்ற இரண்டு சீல். உண்மை என்னவென்றால் இரண்டு மாதமாக அவன் விவசாயம் பார்க்கிறான், டிவிக்குள்ளே. நாலு ஏக்கர் பூசணி, தினம் தண்ணீர் விட ஒரு பொத்தான், களை எடுக்க ஒரு பொத்தான், அறுவடைக்கு ஒரு பொத்தான், எல்லாம் கட்டைவிரல் வேலை. மாடியில் நிஜமாகவே வாங்கி வைத்த கத்திரிச் செடி தண்ணீர் இல்லாமல் செத்தது, அது வேறு கதை. செண்பகம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவ்ளோ பூசணி விளைஞ்சிருக்கே, சாம்பாருக்கு ரெண்டு பத்தை நறுக்கிக் குடுங்களேன்" என்றாள். பெண்டாட்டி என்றால் இப்படித்தான் ஊசி ஏற்ற வேண்டும், சத்தமே இல்லாமல். அதற்கு முந்தி ஒரு கத்திச்சண்டை விளையாட்டு, அதில் உயிர் கொடுக்கிற மருந்துப் புட்டி தொண்ணூற்றொன்பது சேர்த்தான். இந்த ஆபத்துக்கு எதற்கு வீணாக்குவது, பெரிய ஆபத்து வரும், அப்போது குடிக்கலாம் என்று சேர்த்துச் சேர்த்து, கடைசி அரக்கன் ஒரே அடியில் கொன்றபோது மடியில் தொண்ணூற்றொன்பது புட்டியும் முழுசாக இருந்தன. விளையாடுகிறவன் எவனைக் கேட்டாலும் இதைச் சொல்வான், எல்லோரும் புட்டியோடு சாகிறவர்கள்தான். அக்காவிடம் சொல்ல வேண்டியதையும் இப்படித்தான் நல்ல சமயம் வரட்டும் என்று வைத்திருந்தான். எந்தச் சமயத்துக்கு? சஷ்டியப்தபூர்த்திக்கா?

டிங் என்றது போன். "தம்பி, உங்களுக்கு ஏதோ வந்திருக்கு" என்று பாய் நல்ல கையை நீட்டி எடுத்து, தூரத்தில் வைத்து, கிட்டத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கி, "கண்ணாடி இல்ல... 'அக்கா'ன்னு போட்டிருக்கு. 'இறக்கியாச்சு.' அவ்வளவுதான். மாவையா? ஊர்லேருந்து ஏதாவது லோடு அனுப்பினாங்களா?" என்றார். "ஆமா பாய்" என்றான், பழக்க தோஷம். இறக்கிவிட்டாள். பதினோரு மணியாகிவிட்டது. இறக்கினவள் முதலில் எங்கே போவாள்? மழையில் நடப்பாளா, குடையை விரித்துப் பார்ப்பாளா? மாட்டாள். மங்கையர்க்கரசி கணக்கு டீச்சர், தப்பு எந்த வரியில் என்று தேடுகிறவள், நேரே அந்த மெனுவுக்குத்தான் போவாள், தான் அன்றைக்கு எந்தப் பொத்தானைத் தப்பாக அமுக்கினோம் என்று பார்க்க. பார்த்தால் அங்கே அந்த மூன்று பெட்டி இருக்கும். ஐயோ, அந்த மூன்று பெட்டி. இரண்டாயிரத்து மூன்று, ஆவணி, கல்யாண மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கிறது, தாம்பூலப் பைக்கு வைத்த தேங்காய் மூட்டை ஒன்று வீட்டிலேயே நின்றுபோயிற்று என்று அப்பா இவனை அனுப்புகிறார். பத்தொன்பது வயது, பட்டு வேட்டி, வீட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. மூட்டையை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டியதுதானே? டிவியைப் போட்டான். முந்தின நாள் நலங்கு வைக்கும்போது மாப்பிள்ளையின் தங்கை, "அண்ணி, நீங்க வீடியோ கேம் எல்லாம் ஆடுவீங்களாமே?" என்று கேட்க, அக்கா கன்னத்தில் சந்தனத்தோடு சிரித்துக்கொண்டே, "சேச்சே, அதெல்லாம் தம்பியோட சின்னப் பிள்ளை விளையாட்டு" என்றாளே, அது காதில் விழுந்துவிட்டது. சின்னப் பிள்ளை விளையாட்டாம். கடைசிக் கட்டம் வரை வந்தது யார், 'மறுவீட்டுக்கு வரும்போது முடிச்சிரலாம்டா, நீ தனியா தொட்டேன்னா கொன்னுருவேன்' என்று சத்தியம் வாங்கியது யார்? சேமித்த ஆட்டத்தை அழிக்கிற இடத்தைத் தேடிப் பிடித்துப் பொத்தானை அமுக்கினான். திரையில் ஒரு கேள்விப் பெட்டி வந்தது, இரண்டு சொல், இடது பக்கத்தை அமுக்கினான். மறுபடி பெட்டி, மறுபடி அமுக்கினான். மூன்றாவது பெட்டி பெரிசு, இரண்டு வரி நீளம், குடைக்காரி வேறு ஓரத்தில் நின்று இவனையே பார்த்தாள், அதையும் அமுக்கினான். பிறகு தேங்காய் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் பந்தியில் ஒன்றும் நடக்காத மாதிரி பாயசம் மூன்று தம்ளர் குடித்தான். அந்த மூன்றாவது பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் இருபத்திரண்டு வருஷமாகத் தெரியவில்லை.

மறுவீட்டுக்கு வந்தவள் அத்தானைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு நேரே டிவி இருந்த அறைக்குத்தான் வந்தாள், அதுதான் கொடுமை. சின்னப் பிள்ளை விளையாட்டுக்கு அப்படி ஓடி வருவாளா ஒருத்தி? இவன் முந்திக்கொண்டு, "போச்சுக்கா, எல்லாம் அழிஞ்சு போச்சு, நீதானே கடைசியா மெனுவுல எதையோ நோண்டுன?" என்றான். சும்மா ஒரு தற்காப்புக்கு எறிந்த கல். அவள் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துப்போய், "நானா? ஐயோ, ஆமாடா, நான் நோண்டுனேன்தான்" என்றாள். சண்டைக்கு வருவாள், மண்டையில் கொட்டுவாள், 'பொய் சொல்றியா நாயே' என்பாள் என்று தயாராக நின்றவனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அன்றோடு அக்கா மாறிப்போனாள். முதல் தீபாவளிக்கு ஒரு பைக் வந்தது, சாவியை உள்ளங்கையில் வைத்து, "வச்சுக்கோ பசுபதி" என்றாள். அதுவரை 'டேய்', 'எருமை', 'தடியா' தவிர வேறு பெயரில் கூப்பிட்டதில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோதெல்லாம் கையில் ஏதாவது வந்து விழுந்தது, இவன் கல்யாணத்துக்கு ஃப்ரிட்ஜ், குழந்தைக்குத் தொட்டில், வருஷா வருஷம் பட்டுச் சட்டை. வாங்கிக்கொண்டு எப்படிச் சொல்வது? வாங்காமல்தான் எப்படி இருப்பது? அவளுடைய புதுக் காரை இவன் பின்னால் எடுக்கும்போது தண்ணித் தொட்டியில் கொண்டுபோய் இடித்தான், ஒரு பக்கக் கதவே உள்ளே போய்விட்டது, அப்போதும், "பரவாயில்ல பசுபதி, உனக்கு ஒண்ணும் ஆகலல்ல?" என்றாள். அன்றைக்கு இவன் பாத்ரூமுக்குள் போய் அழுதான். அந்த வீட்டில் தண்ணி லாரிக்காரனைத் திட்டுகிறாள், அத்தானைத் திட்டுகிறாள், பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்புப் பிள்ளைகளைத் திட்டுகிறாள், பால்காரர் வரைக்கும் திட்டு வாங்குகிறார், தம்பியைத் தவிர. விருந்தாளியைப் போல நடத்துகிறாள். போனில் பேசினால் சாப்பிட்டியா, செண்பகம் நல்லா இருக்காளா, வெயில் எப்படி, வைக்கட்டுமா. இருக்கிற ஒரே அக்காவை ஒரு பொய்யால் மரியாதைக்காரியாக்கி வைத்திருக்கிறான், இவன் செய்த பாவத்துக்கு இதுதான் தண்டனை, அது அவளுக்கே தெரியாது. டிங். பாய் படித்தார்: "'மெனு எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு.' ஓட்டல் வைக்கிறாங்களா உங்க அக்கா?" டிங். "'பசுபதி, ஒரு சந்தேகம். கூப்பிடறேன்.'" மெழுகுக்குள்ளே கை வேர்க்கிறதா, இல்லை மெழுகு ஆறுகிறதா, ஒன்றும் புரியவில்லை. "எடுக்காதீங்க பாய்" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் போன் அடித்தது, பாய் பெரிய மனுஷன், ஒத்தாசை செய்கிறவர், எடுத்து, ஸ்பீக்கரையும் தட்டி, இவன் மடியிலேயே வைத்துவிட்டார்.

"பசுபதி, வேலையா இருக்கியா?" அதே மரியாதைக் குரல், நடுவே ஒரு சின்ன நடுக்கம். "இல்லக்கா, கைல மெழுகு." "என்னது?" "ஒண்ணுமில்ல, சொல்லு." "இல்ல, அந்த அழிக்கிற மெனுவுக்குப் போனேன். மூணு தடவை கேக்குதுப்பா. முதல்ல 'அழிக்கவா?'ன்னு கேக்குது. ஆமான்னா, 'திரும்ப வராது, நிச்சயமா?'ன்னு கேக்குது. அதுக்கும் ஆமான்னா, மூணாவதா ஒண்ணு கேக்குது, இரு, படிக்கிறேன்." இருபத்திரண்டு வருஷமாகத் தெரியாமல் இருந்தது இதோ ஒரு மூச்சு தூரத்தில் இருக்கிறது, போனைத் தள்ளிவிடக்கூட விரல் இல்லை. அக்கா இங்கிலீஷை மனசுக்குள் படித்து, வகுப்பில் சொல்வது போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "'இதுவரை உன்கூட நடந்து வந்தவங்களை ஒரு வார்த்தை கேட்டியா?'" செல்வி மேடம் பஞ்சு எடுக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். "பசுபதி, இருக்கியா? மூணு தடவை ஆமான்னு அமுக்கினாத்தான் அழியுது. நான் தெரியாம ஒரு தடவை அமுக்கியிருப்பேன், சரி, மூணு தடவையா அமுக்குவேன்?" பெரிய ஆபத்து வந்துவிட்டது, குடிக்க வேண்டிய புட்டி இதுதான், இதையும் வைத்துக்கொண்டு செத்தால் இவனைப்போல் முட்டாள் கிடையாது. "நான்தான்க்கா" என்றான். "என்னது?" "நான்தான் அழிச்சேன். தேங்காய் மூட்டை எடுக்க வந்தப்ப. நீ நலங்குல சின்னப் பிள்ளை விளையாட்டுன்னு சொன்னல்ல, அந்தக் கோவம். மூணு தடவையும் நான்தான் அமுக்கினேன். உன்னைக் கேக்கல." சொல்லி முடித்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டன. பாய் தாழ்ந்த குரலில், "அப்ப சீல் இல்லியா தம்பி?" என்றார்.

வெடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடினான். அக்காவோ, "அப்ப நான் காப்பி எடுத்தப்ப அழியலையா!" என்று கத்தினாள், அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு கத்தல். "அப்பாடா, முருகா, இத்தனை வருஷமா நான் என்னமோ காப்பி எடுக்கப் போயி பக்கத்துல இருந்ததை அமுக்கி உன்னோடதை அழிச்சுட்டேன்னு..." அங்கேயே நிறுத்திவிட்டாள், வாயை விட்டுவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. பசுபதி மெல்லக் கண்ணைத் திறந்தான். "என்ன காப்பி?" "ஒண்ணுமில்ல." "என்ன காப்பிக்கா?" "கல்யாணத்துக்கு நாலு நாள் முந்தி இன்னொரு மெமரி கார்டு வாங்கி அதுல ஒரு காப்பி எடுத்துக்கிட்டேன். பொட்டு டப்பாவுக்குள்ள வச்சு ஓசூருக்குக் கொண்டு போனேன்." "எதுக்கு?" "எதுக்குன்னா? ஞாபகத்துக்குத்தான்." "ஞாபகத்துக்கு வச்சிருந்தியா, விளையாடுனியா?" "வச்சுத்தான் இருந்தேன்." "விளையாடுனியா?" "ஒரு தடவை. உங்க அத்தான் எனக்குன்னு ஒரு கேம் பெட்டியும் அதே தகடும் தேடி வாங்கிட்டு வந்தார்டா, ஆசையா வாங்கிட்டு வந்த மனுஷன்கிட்ட என்னத்தைச் சொல்றது? கடைசிக் கட்டம்தானே பாக்கின்னு முடிச்சோம். அதைச் சொல்ல முடியாம, அங்க உன்னோடதையும் அழிச்சுட்டோமேன்னு வேற..." "சட்டித்தலையனை யாரு ஆடுனா?" இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பசுபதியின் குரல் கிளம்பிய வேகம் செல்வி மேடத்தையே ஒரு அடி பின்வாங்க வைத்தது. "உங்க அத்தான்." அவ்வளவுதான். எரிகிறது அவனுக்கு, வயிறு எரிகிறது. பைக் எதற்கு வந்தது, ஃப்ரிட்ஜ் எதற்கு வந்தது என்று இப்போது தெரிகிறது, பட்டுச் சட்டை ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரிகிறது, எவனோ ஒரு ஓசூர்க்காரன், பாலத்தில் ஏறத் தெரியுமோ தெரியாதோ, அவன் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குடைக்காரியோடு போய்க் கடைசிக் கதவைத் திறந்திருக்கிறான். "என்னை விட்டுட்டு முடிச்சுட்டியாக்கா? எப்படிக்கா மனசு வந்துச்சு? துரோகி!" என்று கத்தினான்.

"யாருடா துரோகி?" என்றாள் அக்கா, அந்த மரியாதைக் குரல் ஒரே நொடியில் காணாமல் போயிற்று. "டேய், அழிச்ச நாய் நீ, காப்பாத்தினவ நான், நான் துரோகியா? மூணு தடவை கேட்டுச்சேடா, அந்த மிஷினுக்கு இருக்கிற புத்தி உனக்கு இருந்துச்சா? எருமை மாடு! கார்க் கதவைக் கொண்டுபோய் தொட்டில இடிச்சப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன் பாரு, அன்னிக்கே உன் முதுகுல நாலு வச்சிருக்கணும். பைக்கைக் குடுத்தா கூச்சமில்லாம வாங்கிக்கிட்டியே, அன்னிக்குக் கல்யாணப் பாயசம் எப்படிடா உள்ள இறங்குச்சு உனக்கு?" "மூணு தம்ளர் குடிச்சேன்" என்றான் பசுபதி, ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. "மூணு தம்ளரா! தடியா, இரு, வெள்ளிக்கிழமை வந்து உன் காதைத் திருகலைன்னா நான் மங்கை இல்ல. வந்து முதல்லேருந்து ஆடுவோம், உன் சட்டியை நீ எடு, கடைசி வரைக்கும் ஒரு இடத்துல நீ தப்பு விட்டேன்னா அங்கயே கொட்டுவேன். அத்தான் உன்னைவிட நல்லா ஆடுனார்டா, தெரிஞ்சுக்கோ, பாலத்துல ஒரு தடவைகூட விழல." "பொய்!" "போடா!" பாய் மிஷினை மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். பசுபதியின் மூக்கு நமைத்தது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்குநுனிவரை வந்து நின்றது, துடைக்க விரல் இல்லை, துடைக்கத் தோன்றவும் இல்லை, ஓசூரிலிருந்து வசவு வந்துகொண்டே இருந்தது, வகுப்பு எடுப்பது போல் வருஷவாரியாக, இரண்டாயிரத்து நாலில் செய்தது, ஐந்தில் செய்தது, ஒன்றுவிடாமல். மேசைக் கடிகாரம் கணகணவென்று அடித்தது. செல்வி மேடம் வந்து துண்டின் முடிச்சில் கை வைத்து, "டைம் ஆச்சு சார், பிரிச்சிரலாமா? நாளைக்கு ரெண்டு சீலையும் பத்திப் பேசிக்கலாம்" என்றார். பசுபதி அவசரமாக வேண்டாமென்று தலையை ஆட்டினான்.

"கொஞ்சம் பொறுங்க மேடம்," என்றான், "அக்கா இன்னும் திட்டி முடிக்கல."